பூபதி சாருக்கு வழிவிடுதல்

செம்மேட்டில் இருந்த மலைப்பயிர் வளர்ச்சி அலுவலகத்தில் பானுமதி கணினி வேலைக்குச் சேர்ந்தது 2008ஆம் வருடம் ஜூன் மாதம். மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள்; அவளுடையது தேவனூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். சேர்ந்த அன்று அவளுடைய அப்பா சின்னராசு வாசல் வரைக்கும் வந்து, மகள் உட்காரப் போகும் நாற்காலியை எட்ட நின்று பார்த்துவிட்டு பஸ் ஏறினார்.

மூன்றாம் நாள் கண்காணிப்பாளர் அர்த்தனாரி இரண்டு பக்கத் தாள் ஒன்றை அவள் மேசையில் வைத்தார். அவர் ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. அந்த எட்டு மாதத்தையும் எந்தச் சத்தமும் வராமல் கடத்திவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை கிடையாது.

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க அம்மிணி. இங்க எல்லாரும் போட்டதுதானுங்க."

'இணையவழிக் கார் பந்தய விளையாட்டில் புதிதாகச் சேருவோர் கடைப்பிடிக்க வேண்டிய நன்னடத்தைக் குறிப்புகள்' என்று தலைப்பு. பார்வை எண், நாள், அலுவலக முத்திரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசியில் 'ஒப்பம், பூபதி, அலுவலகத் தலைவர்'.

நடந்தது இதுதான். மிளகு விலையை விவசாயிகள் உடனுக்குடன் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முந்தின வருடம் அந்த அலுவலகத்துக்கு பிராட்பேண்ட் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் பூபதி சார் அதில் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்துவிட்டார். விளையாட்டு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நிஜக் கார் மாதிரியே பிரேக் பிடிக்க வேண்டும், கியர் மாற்ற வேண்டும், டயர் தேயும். சேலத்துக்குப் போய் ஒரு ஸ்டீயரிங் வாங்கி வந்து மேசையில் இறுக்கி மாட்டினார். அங்கே இருந்த கோப்புகள் பீரோவின் தலைக்கு ஏறின. புதன், வெள்ளி பிற்பகல் மூன்று மணியிலிருந்து 'ஆய்வுக் கூட்டம்'. உலகத்தில் யார் வேண்டுமானாலும் வந்து ஓட்டலாம் என்பதுதான் அந்தப் பந்தயத்தின் விசேஷம். ஆனால் சார் தன் பந்தய அறைக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். உள்ளே அலுவலக ஆட்கள் மட்டும்தான்.

பானுமதிக்கு ஒரு சுபாவம். அச்சடித்து முத்திரை வைத்த காகிதம் என்றால் அதில் இருப்பதைச் செய்துவிடுவாள். பத்துச் சுற்று தனியாக ஓட்டிப் பழகிய பிறகே மற்றவர்களோடு ஓட்ட வேண்டும் என்றிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் முப்பது சுற்று ஓட்டினாள். முதல் வளைவில் முந்தாதே, இடித்துவிட்டால் நின்று மன்னிப்புக் கேட்டு அவர்களை முன்னே விடு, தடம் புரண்டால் பின்னால் பார்க்காமல் தடத்தில் ஏறாதே, ஓட்டிக்கொண்டே சண்டை எழுதாதே. எல்லாம் நியாயமாகத்தான் பட்டது. ஆறாவது குறிப்பை மட்டும் இரண்டு முறை படித்தாள். ஒரு சுற்று முன்னிலையில் இருப்பவர் பின்னால் வந்தால், நீலக்கொடி தெரியும். பின்தங்கியவர் யாராக இருந்தாலும் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

உதவி அலுவலர் கோகுல்நாத் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிப் பக்கம். தினமும் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்து சேருகிற மனிதர். புதன்கிழமை காலையில் அவளிடம் வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"ஏனுங்க பானுமதி, குறிப்பெல்லாம் படிச்சீங்களா?"

"படிச்சேனுங்க சார்."

"அதுல எழுதாத விசயம் ஒண்ணு ரெண்டு இருக்குமுங்க. சார் வண்டி முன்னாடி போச்சுன்னா, நாம பின்னாடி போறது பழக்கமுங்க."

"எவ்வளவு தூரம் பின்னாடிங்க?"

கோகுல்நாத் சுற்றிலும் பார்த்தார். "பார்த்துப் போங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். வளைவுகளில் பார்த்துப் போகச் சொல்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்குக் கூட்டம் தொடங்கியது. சார் தன் அறையில், மற்ற மூன்று பேரும் ஹாலில். அர்த்தனாரி தடத்தின் ஓரமாக, சந்தைக்குப் போகிற வண்டி போல ஓட்டினார். கோகுல்நாத்தின் திறமை வேறு விதம். சாருக்குச் சரியாக ஒரு வண்டி பின்னால் வருவார். சார் மண்ணில் இறங்கினால் அவரும் இறங்கி, சார் ஏறும்வரை காத்திருந்து ஏறுவார். ஒரு வருடமாக சார் எல்லாப் பந்தயத்திலும் முதலிடம்.

மூன்றாவது சுற்றில் பானுமதி சாரை முந்தினாள். விளக்கை இரண்டு முறை மினுக்கி, இடம் விட்டு, குறிப்பில் இருந்தபடியே முந்தினாள். பதற்றத்தில் சார் பிரேக்கை மறந்து மண்ணுக்குள் போனார். கோகுல்நாத்தும் போனார். ஒன்பதாவது சுற்றில், ஒரு முழுச் சுற்று முன்னேறி, அவள் மறுபடியும் சாரின் பின்னால் வந்து சேர்ந்தாள். சாரின் திரையில் நீலக்கொடி ஆடியது. சார் ஒதுங்கவில்லை. கொடி தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, திறந்திருந்த கதவைப் பார்த்து அவள் உதவியாகக் குரல் கொடுத்தாள்.

"சார், நீலக்கொடிங்க!"

அர்த்தனாரி கண்ணை மூடிக்கொண்டார். அரைச் சுற்று கழித்து சாரின் கார் மெல்ல ஓரம் கட்டியது.

மறுநாள் காலை மெமோ வந்தது. கூட்டத்தின்போது மேலதிகாரியிடம் ஒழுங்கீனமாக நடந்துகொண்டதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். பானுமதிக்கு இன்னும் தகுதிகாண் பருவம்கூட முடியவில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அப்பாவிடம் என்ன சொல்வது? கார் ஓட்டி வேலை போயிற்று என்றால், மகளுக்கு எங்கே கார் இருக்கிறது என்று கேட்பார். பஸ்ஸில் அழுதாள். வீட்டில் சாப்பிடவில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் பதில் எழுதினாள்: 'பார்வையில் காணும் நன்னடத்தைக் குறிப்பு ஆறின்படி, பின்தங்கியவர் யாராக இருந்தாலும் என்று தாங்களே ஒப்பமிட்டுள்ளபடியால்…'

பூபதி சார் அதை மூன்று முறை படித்தார். தன் கையெழுத்தைத் தானே மறுக்க முடியாது. ஆகவே குற்றம் வேறெங்கோ இருக்க வேண்டும்.

"அர்த்தனாரி, இங்க தரம் பத்தலீங்க. நல்லா ஓட்டறவங்களோட ஓட்டுனாத்தான் நம்ம ஓட்டம் தெரியும். அந்தப் பூட்டை எடுங்க. வெளிப் பந்தயத்துக்கே போயிரலாம்."

வெள்ளிக்கிழமை சார் பொது அறைக்குள் நுழைந்தார். இருபது கார்கள், எந்தெந்த நாட்டு ஆட்களோ. முதல் வளைவில் சார் பிரேக் பிடிக்கவில்லை. அவர் அனுபவத்தில் வளைவு வந்தால் மற்றவர்கள்தான் ஒதுங்குவார்கள். ஐந்து கார்களை ஒரே மூச்சில் இடித்துத் தள்ளினார். திரையின் ஓரத்தில் யார் யாரோ கோபமாக எழுதினார்கள். 'வழி விடவும், நான் அலுவலகத் தலைவர்' என்று ஆங்கிலத்தில் அடிக்கச் சொல்லி பானுமதியைக் கூப்பிட்டார். அவள் அடித்து முடிப்பதற்குள் இன்னும் இரண்டு கார்களை இடித்திருந்தார். திரை கறுத்தது. நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள் என்று ஒரு வரி வந்தது.

"என்னை வெளியேத்த இவன் யாரு? இவனுக்கு மேல யாரு இருக்கறாங்கன்னு பாருங்க. ஒரு கடிதம் போடுங்க."

கடிதம் மின்னஞ்சலில் போயிற்று. மறுநாளே, அந்த அறையை நடத்துகிறவர் மிகவும் மரியாதையாகப் பதில் எழுதினார். புதியவர்கள் அறையில் யாரையும் தொடாமல் தொடர்ந்து பத்துப் பந்தயம் முடித்தால், 'சுத்தமான ஓட்டுநர்' என்று சான்றிதழ் தருவோம், பிறகு பெரிய அறைக்கு வரலாம். நடுவில் ஒருவரைத் தொட்டாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். கூடவே புதியவர்களுக்கான நன்னடத்தைக் குறிப்புகளையும் இணைத்திருந்தார். பானுமதி படித்துப் பார்த்தாள். முத்திரையைத் தவிர எல்லாம் அதேதான். கோகுல்நாத் போன வருடம் இதைத்தான் தமிழாக்கியிருக்கிறார். சார் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

சார் இரண்டு நாள் முயன்றார். எண்ணிக்கை ஒன்றைத் தொடவேயில்லை. மூன்றாம் நாள் பானுமதியைக் கூப்பிட்டு, அவள் கண்ணெதிரே மெமோவைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"பானுமதி, என் பேருல நீ ஓட்டும்மா."

"அது நான் ஓட்டுனதாத்தானுங்க சார் ஆகும்?"

"இந்த ஆபீஸ்ல எது யாரு எழுதுனாலும் என் கையெழுத்துலதானே வெளிய போகுது? அது மாதிரித்தான்."

அவள் சாரின் சுழல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். தன் நாற்காலியில் இன்னொருவர் இருப்பதை சாரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஹாலுக்குப் போய் அவளுடைய மேசையில் உட்கார்ந்தார்.

ஹால் பெஞ்சில் திருப்புலி நாட்டுக் கண்ணாயி உட்கார்ந்திருந்தாள். மிளகு நாற்றுக்கு மனு வைத்துக்கொண்டு ஐந்தாவது தடவையாக வந்திருக்கிறாள். நாலு தடவையும் சார் கூட்டத்தில் இருக்கிறார் என்று அனுப்பிவிட்டார்கள். சாரை அவள் பார்த்ததே இல்லை.

"ஏஞ்சாமி, புதுசா வந்த ஆளுங்களா?"

பூபதி சார் அர்த்தனாரியைப் பார்த்தார். அர்த்தனாரி அவசரமாக ஒரு பதிவேட்டைத் திறந்தார்.

"மழை நிக்கறதுக்குள்ள நாத்து நடோணுமுங்க. இந்தச் சீட்டுல பெரியவரு கையெழுத்து வாங்கித் தாங்க சாமி, புண்ணியமாப் போகும்."

உள்ளே போய்க் கையெழுத்து வாங்குவதாக நடிக்க முடியாது. உள்ளே பானுமதி ஆறாவது சுற்றில் இருந்தாள். வேறு வேலையும் இல்லை. சார் பேனாவை எடுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கண்ணாயி கையெழுத்தைக் காற்றில் காயவைத்துக்கொண்டே மலை முழுக்கச் சொல்லியிருக்க வேண்டும். முன் மேசையில் ஒரு நல்ல மனுசன் வந்திருக்கிறார், கேட்டதும் போட்டுத் தருகிறார் என்று. மறுநாள் பதினோரு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் பெஞ்ச் போதவில்லை. நாற்றங்காலில் வெளுத்துக் கிடந்த மிளகு நாற்றுகள் கூடை கூடையாக பஸ் ஏறின. சாருக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, சாமி சாமி என்று கும்பிடுகிறவர்கள் மத்தியில் உட்கார்ந்திருப்பது அவ்வளவு மோசமாகப் படவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் கதவில் தலையை நீட்டி, "எத்தனையாச்சு?" என்று கேட்பதை விடவில்லை.

அடுத்த புதன்கிழமை ஒன்பது முடிந்து பத்தாவது பந்தயம் ஓடியது. கடைசிச் சுற்று. பானுமதி மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள், யாரையும் தொடவில்லை. கதவிடுக்கில் ஹால் தெரிந்தது. அப்போதுதான் வந்த பஸ்ஸிலிருந்து இறங்கி, இருபது முப்பது பேர் ஈரக் குடையோடு வரிசையில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். மடித்த மனுக்களை நனையாமல் இடுப்பில் செருகியிருந்தார்கள். இந்தப் பந்தயம் முடிந்தால் சார் சான்றிதழோடு உள்ளே வந்து இந்த நாற்காலியில் உட்காருவார். பெரிய அறைக்குப் போவார். கதவு சாத்திக்கொள்ளும்.

அவள் வாழ்க்கையில் அதுவரை எந்த விதியையும் தெரிந்து மீறியதில்லை. கடைசி வளைவில் முன்னால் போன பச்சைக் காரின் பின்பக்கத்தை, வலிக்காத அளவுக்கு, மெல்ல ஒரு தட்டுத் தட்டினாள்.

உடனே ஓரமாக நின்று, அந்த ஆளை முன்னே விட்டு, மன்னிக்கவும் என்று எழுதினாள். பரவாயில்லை என்று அவன் எழுதினான். எழுந்து கதவருகே போனாள்.

"சார், ஒரு சின்னத் தட்டுங்க. மறுபடியும் முதல்லேருந்து ஓட்டோணுமாமுங்க."

பூபதி சார் அவளை நிமிர்ந்து பார்த்தார். என்னவோ கேட்க வாயெடுத்தவர், வரிசையைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"சரி, நிதானமா ஓட்டும்மா. அடுத்தது யாருங்க, வாங்க."