முப்பத்தெட்டாம் பக்கம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ஜெராக்ஸ் மெஷினுக்குள் சிக்கிய தாளை இழுப்பதுபோல, கிழியாமல் வந்தவரை இழுத்து எடுத்தது. முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"அந்தப் பெரிய நகரத்தின் பல்கலைக்கழக வாசலில் இளமை பொங்கி"

வேண்டாம். அந்த வாசலுக்கு எதிரேதான் தினமும் பத்து மணி நேரம் நிற்கிறேன். அங்கே பொங்கி நான் பார்த்தது டீக்கடைப் பால் மட்டும்தான்.

இரண்டாவது ஆரம்பம்:

"ஒரு பெண் இருந்தாள். அவள் பத்தாவதோடு"

இதையும் அடித்துவிட்டேன். இந்த வாக்கியத்தை முடித்தால் அவளும் முடிந்துவிடுவாள். எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் முடித்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய ஒரு பக்கத்தை அறுபது பேர் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தார்கள். நான் வேண்டுமென்று செய்யவில்லை.

2

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அந்தக் கடையில் நான் பேசும் வாக்கியங்கள் மூன்று: "எத்தனை காப்பி?" "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?" "ஸ்பைரல் போடணுமா?" அதற்கு மேல் யாராவது பேச்சுக் கொடுத்தால் காது சிவந்துவிடும். குனிந்து தாள் அடுக்க ஆரம்பித்துவிடுவேன்.

நான் எழுதுவது வீணான காப்பிகளின் பின்பக்கத்தில். நூறு தாள் சேர்ந்ததும் ஸ்பைரல் போட்டு, மேலே 'மெஷின் உபயோகிக்கும் முறை' என்று எழுதி அலமாரியில் வைத்துவிடுவேன். அதை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. [இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பரவாயில்லை, உங்களுக்கு அத்தையைத் தெரியாது.]

எதிரே படிக்கிற ஒரு வகுப்புக்கு ஓய்வுநேரவியல் என்று ஒரு பாடம். மனிதர்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று படிப்பது. படிக்கிறவர்களுக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. மைதானத்தில் பந்து தனியாகக் கிடக்கும். ஓரத்தில் உட்கார்ந்து 'விளையாட்டின் ஒன்பது பயன்கள்' ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். தியேட்டருக்குக் கூட்டமாகப் போய், திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சிரிக்கிறவர்களை எண்ணிக்கொண்டு வருவார்கள். அது செய்முறைத் தேர்வு. பாடம் நடத்தும் சார் பத்தொன்பது வருடமாக ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

(இதையெல்லாம் நான் புளுகுவதாக நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு நல்லதுதான்.)

3

வகுப்பில் முதலாவதாக வரும் பெண்ணுக்கு 'முன்பெஞ்ச்' என்று பெயர். அவள் கையால் எழுதும் நோட்ஸைத்தான் வகுப்பு முழுவதும் காப்பி எடுக்கும். அன்றைக்கு முப்பத்தாறு பக்கம். மெஷின் பக்கத்தில் கட்டாக இருந்தது.

நான் ஒரு வீண் தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் பள்ளிக்கூடம் போகும் வழியில் பஸ் நிறுத்தத்தில் உட்காருகிறாள். ஒரு பஸ் போனதும் எழுந்திருக்கலாம் என்று நினைக்கிறாள். பஸ் போகிறது. அடுத்ததும் போகிறது. மழை வருகிறது, கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறாள். ஒரு புறா அவள் பையின்மேல் இறங்கிவிட்டுப் போகிறது. சாயங்காலம், பள்ளி விட்டு வருகிறவர்களோடு கலந்து வீட்டுக்குப் போகிறாள். மறுநாளும் அதே பெஞ்ச். கடைசி வரி:

"அவள் எழுந்திருக்காததற்கு ஒரே காரணம்"

அந்த இடத்தில் அத்தை வந்தாள். தாளை நோட்ஸ் கட்டுக்கு அடியில் தள்ளினேன். அத்தை என்னை மெஷினுக்கு டோனர் மை வாங்கிவர அனுப்பினாள்.

எண் இல்லாத தாளைக் கண்டால் அத்தைக்கு ஆகாது. அடியில் கிடந்ததன் மூலையில் குண்டாக 37 என்று போட்டிருக்கிறாள். அறுபது காப்பி, அறுபது ஸ்பைரல். நான் திரும்புவதற்குள் எல்லாம் வீதியைத் தாண்டிப் போய்விட்டது, என் கையெழுத்துத் தாள் உட்பட.

4

இந்தப் பகுதி எனக்குக் காது வழியாகக் கிடைத்தது. டீக்கடைக்கும் எங்களுக்கும் ஒரே சுவர்.

"முப்பத்தேழு படிச்சீங்களாப்பா?" இது 'அரியர்'. ஆறாவது வருடமாக அதே வகுப்பில் இருக்கிறான். "சும்மா உட்கார்றதப் பத்தி சார் நடத்தவே இல்லையே? கையெழுத்தும் வேற மாதிரி இருக்கு."

"நீ கிளாஸுக்கு வந்தாத்தானே தெரியும்" என்றாள் முன்பெஞ்ச்.

"மத்த பக்கம் படிச்சா தூக்கம் வருது. இதப் படிச்சா தூக்கம் போகுது. அதான் சந்தேகமா இருக்கு."

"நான்தான் எழுதினேன். சார் வேகமா சொன்னார், உங்களுக்குப் புடிக்கத் தெரியல."

"சரி தாயே, நீயே எழுதின. அந்த ஒரே காரணம் என்னன்னு சொல்லு."

டீ கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அது… முப்பத்தெட்டாம் பக்கத்துல இருக்கு."

நான் எழுதாத, அவளும் எழுதாத அந்தப் பக்கம் இப்படித்தான் பிறந்தது. ஒரு கதாபாத்திரம் என்னைக் கேட்காமல் என் கதையை நீட்டிவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கும் அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும்போல் இருந்தது.

5

அறுபது பேரும் கடைக்கு வந்தார்கள்.

"அக்கா, முப்பத்தெட்ட முழுங்கிட்டீங்க" என்றான் அரியர்.

"இந்தக் கடையில பக்கம் போச்சுன்னு ஒரு நாய் சொன்னதில்ல!" அத்தை என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, நீதானே அடுக்குவ? எங்கடி முப்பத்தெட்டு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் காதில் அடுப்பு எரிந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே.

"ஸ்பைரல் போடணுமா?" என்றேன்.

*குறிப்பு: நான் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்பதற்கு வீட்டில் பதில்கள் உண்டு. அம்மா: "அவளுக்குக் கணக்கு வரல." அப்பா: "சேர்க்கை சரியில்ல." (எனக்குச் சேர்க்கையே கிடையாது.) அத்தை: "கடைக்கு ஆள் வேணும்னு நான்தான் கூப்ட்டுக்கிட்டேன்." என்னை மட்டும் யாரும் கேட்டதில்லை. இப்போது அறுபது பேர் கேட்கிறார்கள், அதுவும் மதிப்பெண்ணுக்காக.

மறுநாள் முன்பெஞ்ச் தனியாக வந்தாள். என் தாளை மடித்து நீட்டினாள். பின்பக்கத்தில் யாருடையதோ அடையாள அட்டை, பாதி முகம் மட்டும் விழுந்த காப்பி.

"இது உங்க கடை வேஸ்ட் பேப்பர்தானே? யார் எழுதினதுன்னு சொல்ல வேண்டாம். காரணத்த மட்டும் சொல்லுங்க. நாளைக்கு எக்ஸாம்."

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எத்தனை காப்பி?" என்று வந்தது.

6

(இந்தப் பகுதியை மூன்று முறை எழுதினேன். மூன்றையும் யாரும் நம்பமாட்டார்கள். இது நான்காவது.)

சார் தன் பாடக் குறிப்புகளைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டு, எங்கள் ஸ்பைரல் ஒன்றைப் பார்த்தே கேள்வித்தாள் தயாரித்திருக்கிறார். பதினாலாவது கேள்வி: 'அவள் எழுந்திருக்காததற்கான ஒரே காரணம் யாது? (5)'

பரீட்சை முடிந்து டீக்கடையில் ஒரே கூச்சல். "புறா மறுபடி வரும்னு எழுதினேன்" என்றது ஒரு குரல். "பெஞ்சுல பெயின்ட் காயல, ஒட்டிக்கிச்சு" என்றான் அரியர். முன்பெஞ்ச் அந்த ஒரு கேள்வியை மட்டும் காலியாக விட்டிருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாம். அழவில்லை, இன்னொரு டீ கேட்டாள்.

மதியம் சார் கடைக்கு வந்தார், விடைத்தாள் திருத்துகிறவர்களுக்குக் கொடுக்கும் விடைக்குறிப்போடு. பதினாலுக்கு எதிரே ஒன்றும் இல்லை.

"ஏம்மா, பேனா இருக்கா? இத நான் என்னன்னு நடத்தினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கு ஏதாவது தோணுதா?"

உள்ளேயிருந்து அத்தை: "அது பத்தாவதே தாண்டல சார். அதப் போய்க் கேக்கறீங்களே!"

"நானும் இதத் தாண்டலம்மா" என்று தாளை என் பக்கம் திருப்பி வைத்தார் சார்.

7

முடிவு ஒன்று: 'எல்லா விடைகளும் சரி' என்று எழுதுகிறேன். அறுபது பேருக்கும் ஐந்து. அரியர் ஒருவழியாகப் பாஸாகிப் போகிறான். அந்தக் கேள்வியை இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

முடிவு இரண்டு: அத்தை வந்து பேனாவைப் பிடுங்கி 'கணக்கு வரவில்லை' என்று எழுதிவிடுகிறாள். அது அச்சாகிறது. அச்சில் வந்ததால் நானும் நம்பிவிடுகிறேன்.

முடிவு மூன்று: நான் எழுதினேன்.

ஒரு வரிதான். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிவிட்டது. சார் படித்தார். இன்னொரு முறை படித்தார். ஸ்பைரல் போடக் காத்திருப்பவர்களுக்கான ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். எதிரே மூன்று மணிக்கு மணி அடித்தது. அவருக்கு வகுப்பு இருக்கிறது. எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்கும் அடித்தது.

"சாருக்கு என்னடி ஆச்சு?" என்றாள் அத்தை மெதுவாக.

நான் மெஷின் மூடியைத் திறந்து, "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா சார்?" என்றேன். இதை எழுதும்வரை அவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

என்ன எழுதினேன் என்று சொல்லப் போவதில்லை. அடுத்த பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். மூலையில் 38 என்று போட்டாயிற்று. அத்தை பார்த்தால் சத்தம் போடுவாள். மேலே முதல் வரியும் எழுதி வைத்திருக்கிறேன். மீதியை நீங்கள் எழுதுங்கள். தப்பாக எழுதினாலும் தூக்கிப் போடவேண்டாம், கடையில் கொடுத்துவிடுங்கள். பின்பக்கம் எனக்கு வேண்டும்.

அவள் எழுந்திருக்காததற்கு ஒரே காரணம்