வாய்த்துணி

தையல்காரி தன் அக்காவின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மூக்குக்கு மேலே வெயில் பட்டுக் கறுத்த தோல். மூக்குக்குக் கீழே தாடை வரை வெளுப்பு. ஒன்பது வருஷம் கறுப்புத் துணிக்குள் கிடந்த பாதி அது. அந்தப் பாதிக்கு வயதே ஆகவில்லை. எவ்வளவு துடைத்தாலும் இரண்டும் ஒரே நிறமாகாது என்று தெரிந்தும் அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

விடியும்போது உயிர் போயிருந்தது. அதற்குச் சற்று முன், "அந்த ஜன்னலைச் சாத்து, கொசு வருது" என்றிருந்தாள் அக்கா. தையல்காரி எழுந்து சாத்திவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா மருத்துவச்சி. ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் விழுந்தவை. பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போனால், அடம்பிடிக்கும் குழந்தையை அதட்டுவதுபோலக் குனிந்து "போதும்" என்பாள். நின்றுவிடும். எப்படி என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும்? சொன்னா கேக்குது" என்பாள். இந்தச் சங்கதி ஆண்கள் காதுக்குப் போகாமல் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள்.

போட்டு உடைத்தது தையல்காரிதான். அவளுடைய முதல் பிரசவத்தில் பிள்ளை செத்துப் பிறந்தது. ரத்தம் பாய் தாண்டித் தரைக்கு ஓடியது. அக்கா சொன்னாள், நின்றது. 'பிள்ளை உயிரைக் கொடுத்துத் தங்கச்சி உயிரை வாங்கிட்டா' என்று அவள் கணவன் ஊரின் மத மன்றத்தில் போய் முறையிட்டான். மன்றத்து மூத்தவர் அவளைப் புனித நூலின்மேல் கைவைக்கச் சொல்லி, "உன் அக்கா ரத்தத்துக்குக் கட்டளை போட்டாளா, இல்லையா?" என்று கேட்டார். அவளுக்குப் பொய் சொல்ல வராது. "சொன்னா. நின்னுச்சு" என்றாள்.

அந்த இரண்டு வார்த்தை போதுமாக இருந்தது. ரத்தத்துக்குக் கட்டளையிடுவது ஆண்டவன் ஒருவனே, வேறு எவள் இட்டாலும் அவள் சூனியக்காரி என்றது மன்றம். இனிப் பிரசவம் பார்க்கக் கூடாது, வாசல் தாண்டினால் பேசக் கூடாது, வாயில் துணி கட்டாமல் தெருவில் இறங்கக் கூடாது. அவளிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட பெண்களின் பெயர்களைச் சொன்னால் தண்டனையைக் குறைப்பதாக ஆசை காட்டினார்கள். அந்தப் பெண்களைத் தலைமழித்து நாற்பது நாள் நிலவறையில் வைத்துச் 'சுத்தம்' செய்வார்கள். அக்கா ஒரு பெயரும் சொல்லவில்லை. அதன்பின் எந்தெந்த வீட்டில் எவள் ரத்தம் போய்ச் செத்தாள் என்பதை ஊர்ப் பெண்கள் மட்டும் நினைவில் வைத்திருந்தார்கள்.

துணியைத் தைத்ததும் தையல்காரிதான். கடையில் இருந்ததிலேயே மெல்லிய பருத்தியாக எடுத்து, உள்பக்கம் உறுத்தாமல் மடித்துத் தைத்தாள். கணவன் வேறு ஊர் போய்ச் சேர்ந்தான். அக்காவும் தங்கையும் ஒரே கூரைக்கடியில் இருந்தார்கள். ஒரே ஒருமுறை, "என்மேல கோபமாக்கா?" என்று கேட்டிருக்கிறாள். "ஊசியக் கீழ போட்டுட்ட பாரு, கால்ல ஏறிடப் போகுது" என்றாள் அக்கா.

கதவு தட்டப்பட்டது. மன்றத்து எழுத்தர். விரலிலும் சட்டைப்பையிலும் எந்நேரமும் மை இருப்பதால் ஊரில் அவருக்கு மைக்கூடு என்று பெயர். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்று தாளை விரித்தார்.

"துணி எங்கம்மா? அதோடதான் புதைக்கணும்."

"துவைச்சுக் காயப் போட்டிருக்கேன்."

மைக்கூடு கொடியைப் பார்த்தார். துணி அங்கேதான் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குமேல் அவருக்குச் சட்டம் தெரியவில்லை.

"சரி, இதக் கேளுங்க. கடைசி நேரத்துல மனசு திருந்தி எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாங்கன்னு நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். கல்லறை மதிலுக்கு உள்ள இடம் குடுக்கச் சொல்லியிருக்காரு மூத்தவரு. அம்மா அப்பா பக்கத்துலயே."

"தாள்ல கீழ ஏன் இவ்வளவு இடம் விட்டிருக்கு?"

அவர் தொண்டையைச் செருமினார். "அது... அந்தப் பொம்பளைங்க பேரு. அதையும் சொன்னாத்தானே ஒத்துக்கிட்டதா அர்த்தம்? உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். ரத்தக்கறைத் துணிகளை அலசிக் கொடுத்தவள் அவள்தான். ஒவ்வொரு பெயரும் நாக்கு நுனியில் இருந்தது. அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் ஆறடி இடம் காலியாக இருப்பதும் தெரியும். அக்கா அதை மதிலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"கடைசியா என்னம்மா சொன்னாங்க?" மைக்கூடு எழுதுகோலைத் தயாராகப் பிடித்தார்.

"ஜன்னலைச் சாத்தச் சொன்னா."

"அத எப்படிம்மா எழுதறது?"

"கொசு வருதுன்னா. அதையும் சேத்து எழுதுங்க."

"விளையாடாதீங்க. மதிலுக்கு வெளியன்னா பாடை குடுக்க மாட்டாங்க, குழி வெட்ட ஆள் வராது. ஒத்தை ஆளா என்ன பண்ணுவீங்க?"

"இழுத்துட்டுப் போறேன்" என்றாள் தையல்காரி. குரல் உயரவில்லை. "முன்ன ஒரு தடவை உங்க மன்றத்துல வாயத் திறந்தேன். அது போதும். நீங்க கிளம்புங்க."

அவர் போனபின் மண்வெட்டியைத் தேடினாள். பிடி ஆடியது. ஈரச்சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது கொல்லைக் கதவு திறந்தது. ரொட்டிக்கடைக்காரி, தலையில் மாவு பிசையும் நீளப் பலகையோடு நின்றாள்.

"மாவு ஒட்டியிருந்துச்சு. சுரண்டிட்டுத்தான் கொண்டாந்தேன்" என்றாள். "தூக்க இது தாங்கும்."

"யாராவது பாத்தா உன்னையும்..."

"பாக்கட்டுமே. நான் வாசல் வழியாவே வந்திருப்பேன், அங்க பலகை திரும்பலை."

அவளுக்குப் பின்னால் கொல்லன் மனைவி. அவளுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்து ஆசிரியை, அவளுடைய மாமியார், இரட்டைப் பிள்ளைக்காரி. யாரும் அழவில்லை. உடலைப் பலகையில் கிடத்தியபோது, "தலைப்பக்கம் நான்" என்று இருவர் மட்டும் சன்னமாகச் சண்டை போட்டார்கள். முகத்தை மூடாமலே தூக்கினார்கள்.

பட்டப்பகலில் கடைத்தெரு வழியாகவே போனார்கள். கடைகளுக்குள்ளிருந்து ஆண்கள் பார்த்தார்கள். ஒவ்வொரு முக்கிலும் ஒருத்தி சேர்ந்துகொண்டாள். யாரும் எழுதிக்கொடுக்காத பட்டியல் தானே நடந்துபோவதைத் தையல்காரி பின்னாலிருந்து பார்த்தாள். அவளுக்குத் தெரியாத முகங்களும் அதில் இருந்தன.

மன்றத்து வாசலில் மைக்கூடு பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். மாடி ஜன்னலில் மூத்தவர். "யார் யார்னு எழுது" என்று மேலிருந்து குரல் வந்தது. மைக்கூடு தலை நிமிர்ந்தார். நாலாவது வரிசையில் அவர் மனைவி கடப்பாரையைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தாள். அவள் கணவனைப் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே நின்றார், எழுதவில்லை. மேலிருந்து மறுபடி குரல் வந்தது. கூட்டம் அதற்குள் தெருமுனை திரும்பிவிட்டது.

மதிலுக்கு வெளியே மண் கெட்டியாக இருந்தது. மாற்றி மாற்றி வெட்டினார்கள். இடுப்பளவு வந்ததும் ஆசிரியை, "இன்னும் கொஞ்சம்" என்றாள். இன்னும் கொஞ்சம் வெட்டினார்கள். இறக்கும்போது தையல்காரி குனிந்து அக்காவின் காதருகே ஏதோ சொல்ல வாய் திறந்தாள். பிறகு கழுத்தில் ஒட்டியிருந்த மாவை மட்டும் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

மண் மூடி முடிந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. மதிலோரம் ஓர் அடிபம்பு. எல்லோரும் கைகழுவ வரிசையில் நின்றார்கள். ரொட்டிக்கடைக்காரி பம்பை அடித்தாள். தையல்காரியின் முறை வந்தது. கைகழுவினாள், முகம் கழுவினாள். நேற்றிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை என்று அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு கையையும் குவித்து ஏந்தி மடமடவென்று குடித்தாள்.

"மெதுவா" என்றாள் பின்னால் நின்றவள். "புரையேறிடப் போகுது."