இடது மிதி

ஆரணியை அடுத்த சேவூர் வீட்டில் எங்கள் தறிகள் இரண்டும் அருகருகே இருக்கின்றன. நெய்யும்போது நானும் என் மனைவி சுகன்யாவும் பேசிக்கொள்வதில்லை. தறியின் கால்மிதி விழும் சத்தத்தை வைத்தே அவள் மனநிலை எனக்குத் தெரிந்துவிடும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2007 மாசியில் அவளுக்கு வலிப்பு வந்தது. முதல் ஸ்கேனில் மூளையின் வலப்பக்கம் ஒரு கட்டி தெரிந்தது. அது மெதுவாக வளர்வதா, வேகமாக வளர்வதா என்பதை அந்தப் படம் சொல்லவில்லை. வேகமானது என்றால் ஒரு வருடத்துக்குக்கூட உறுதி சொல்ல முடியாது என்றார் வேலூர் டாக்டர் ஜெயச்சந்திரன். கட்டிக்குள் ரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க இன்னொரு எம்.ஆர்.ஐ. வேண்டும் என்றார். அதற்காக மறுபடியும் வேலூர் போனோம்.

இயந்திரம் தட்டத் தொடங்கியதும் சுகன்யாவின் கால்கள் அசைந்தன. அசையக் கூடாது என்று மைக்கில் இரண்டு முறை சொன்னார்கள். நான் அசையவே இல்லை என்றாள் அவள். அந்தத் தட்டலுக்குக் கால்கள் தாமாகவே மிதி போட்டுக்கொண்டிருந்தன. தலையும் சேர்ந்து ஆடியதில் படம் கலங்கியது. நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் படத்துக்கு முன்னால் அவளை அடக்கியாக வேண்டும். என் மோதிரத்தையும் வெள்ளி அரைஞாணையும் கழற்றவைத்து உள்ளே விட்டார்கள். அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளங்கைகளில் அந்தத் தாளம் தெரிந்தது. வலது கால் அழுத்தியது. சற்றுத் தயங்கி இடது. அந்தத் தயக்கம் எனக்குப் புதிதல்ல. பக்கத்துத் தறியிலிருந்து வெகுநாளாகக் கேட்டுவந்ததுதான். கோபம் என்று நினைத்திருந்தேன். அதைக் கிளறுவானேன் என்று கேட்காமல் விட்டிருந்தேன்.

மறுநாள் டாக்டர் வண்ணப் படத்தைக் காட்டினார். கட்டி இருந்த இடம் நீலமாகக் கிடந்தது. நீலம் என்றால் ரத்த ஓட்டம் குறைவு, மெதுவாக வளர்வதற்கான அறிகுறி என்றார். ஆனால் படத்தை மட்டும் நம்ப முடியாது. அவள் இடது காலை மடக்கி நீட்டிப் பார்த்து, இது எத்தனை நாளாகத் தளர்ந்திருக்கிறது என்று கேட்டார்.

ஒரு மாதம் என்றாள் சுகன்யா. அவர் முகம் சுருங்கியது. ஒரே மாதத்தில் இவ்வளவு தளர்ச்சி என்றால் அது வேகமான கட்டியின் குணம், படத்தோடு பொருந்தவில்லை என்றார்.

அவளைப் பார்க்காமல் சொன்னேன்.

"ரெண்டு வருசம் ஆவப்போவுதுங்க. போன ஆடிக்கு முந்தின ஆடியில இருந்து. அவ மிதி லேட்டா விழறத நான் கேட்டுகினுதான் இருந்தேன்."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். இப்போது படமும் கதையும் ஒத்துப்போகின்றன என்றார். சதையை எடுத்துச் சோதித்தால்தான் முடிவு. ஆனாலும் மெதுவானதாகவே இருக்கும் என்று நம்பலாம்.

பேருந்து கண்ணமங்கலம் தாண்டியதும் சுகன்யா என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு வருசம் கேட்டுகினே இருந்தீங்க. ஒரு வார்த்த கேக்கல."

"கோவம்னு நெனச்சிகினு விட்டுட்டேன்," என்றேன். வயல்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"அதுல பாதி நாளு நெசமாவே கோவந்தான்," என்றாள்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.

ஆரணி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.