காப்பகத்துக்கு இன்று விடுமுறை

“கொஞ்சம் தலையைக் குனிஞ்ச மாதிரி நில்லுங்கம்மா” என்று போட்டோக்காரர் சொன்னதும், வாசலில் குழந்தையும் கையுமாக நின்றிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உள்ளே கூடத்தின் நடுவில், பெட்டிக்குள் அக்கா படுத்திருந்தாள். நேற்று மதியம் யாருடனோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவள், பாதிச் சண்டையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாள். எதிர்முனையில் இருந்தவர் தான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்திருப்பார்.

“பாத்தியா சின்னவளே, அக்கா எத்தனை பேர் மனசுல இருக்கான்னு” என்றான் அண்ணன். அவன் கண் கலங்கியிருந்தது. “வேலைக்குக்கூடப் போகாம வந்திருக்காங்க.”

சின்னவளுக்கு ஐம்பது வயது. இருந்தாலும் அந்த வீட்டில் அவள் சின்னவள்தான்.

முன்னால் நின்ற உயரமான பெண் பெரிய ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள். இடுப்பில் இருந்த மகளை மறுபக்கம் மாற்றிக்கொண்டு சொன்னாள். “தப்பா எடுத்துக்காதீங்கய்யா. துக்கம் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா இப்ப வந்தது அதுக்கில்ல. காப்பகம் பூட்டிக் கெடக்கு. புள்ளைங்கள எங்க விடறது?”

போட்டோக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார்.

பஸ் கம்பெனி லாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கி அறக்கட்டளை வைத்தது அப்பா. அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் குழந்தைகள் காப்பகம் வைத்தது அக்காவின் பிடிவாதம். டாக்டர் பிள்ளையானாலும் துப்புரவுக்காரி பிள்ளையானாலும் அங்கே ஒரே பாய், ஒரே டம்ளர். தங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் ஏசி போட்ட தனி அறை வேண்டுமென்று சில டாக்டர்கள் வந்து கேட்டபோது, “தாராளமா கட்டிக்கோங்க, உங்க வீட்ல” என்று சொல்லி அனுப்பியவள் அவள்.

“மூடச் சொன்னதே நான்தாம்மா” என்றான் அண்ணன். “ஆயாங்களுக்கும் லீவு குடுத்துட்டேன். செத்தவங்களுக்கு மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

“சொல்லாம நின்னா எங்களுக்கு வேலையே போயிடும்யா. சூப்பர்வைசர் வேற ஆளை ரெடியா வெச்சிருக்காரு.”

“சாவியக் குடுண்ணா, நான் போய்த் திறக்கறேன்” என்றாள் சின்னவள்.

அண்ணன் அவளை ஓரமாக அழைத்துப் போனான். “அக்கா செத்த மறுநாளே கடையத் திறந்துட்டாங்கன்னு பேசுவாங்க. அப்புறம் இன்னொண்ணு. அதைத் திரும்பத் திறக்கவே வேண்டாம்னு பாக்கறேன். அந்த இடத்துல அக்கா பேர்ல ஒரு மண்டபம், வாசல்ல அவ சிலை. எத்தனை காலத்துக்கு இந்தச் சளி மூக்கோட மாரடிக்கறது? அறக்கட்டளையில இனி நீயும் நானும்தான். நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

யார் எதைக் கேட்டாலும் “அக்காவைக் கேட்டுச் சொல்றேன்” என்றே பதில் சொல்லிப் பழகியவள் சின்னவள். கல்யாணத்துக்குக் கேட்டு வந்தவர்களிடமும் அதைத்தான் சொன்னாள். அவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போனார்கள். இப்போதும் நுனி நாக்கு வரைக்கும் அதே வாக்கியம் வந்தது. பெட்டிப் பக்கம் திரும்பினாள். அக்கா வாயை மூடிக்கொண்டு இருந்து அவள் பார்த்ததே இல்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

“மாட்டேன்” என்றாள்.

“என்னது?”

“சரின்னு சொல்ல மாட்டேன்.” வாசலுக்குப் போய்க் கதவை அகலத் திறந்தாள். “உள்ள வாங்கம்மா. புள்ளைங்கள இங்க விட்டுட்டு வேலைக்குக் கிளம்புங்க. நான் பாத்துக்கறேன்.”

அத்தை பதறிப்போய் எழுந்து வந்தாள். “உனக்குப் பைத்தியமாடி? பொணம் கெடக்கற வீட்ல பச்சப் புள்ளைங்களா?”

“இந்தப் பால் பாட்டிலக் கொஞ்சம் பிடிங்கத்தை” என்று அவள் கையில் ஒன்றைத் திணித்தாள் சின்னவள்.

அதற்குள் ஒரு கார் வந்து நின்றது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா மகனைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். “டாக்டருக்கு ஒரு சேர் போடுங்கப்பா!” என்று அண்ணன் ஓடினான்.

“உக்கார நேரமில்ல சார், ஆபரேஷன் இருக்கு. அக்கா முகத்த ஒரு தடவை பாத்துட்டு ஓடிடறேன். காப்பகம் பூட்டியிருக்கு, இவன எங்க விடட்டும்?”

“அதுக்கென்ன, மாடியில ஏசி ரூம் இருக்கு. தம்பி அங்க தூங்கட்டும்.”

சின்னவள் நடுவில் புகுந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். “எல்லாரும் கூடத்துலதான்.”

“எப்பவும் அப்படித்தானே” என்றாள் டாக்டரம்மா.

கொஞ்ச நேரத்தில் வீடு இரண்டுபட்டது. ஒரு பையன் அக்காவின் மாலையில் இருந்த பூக்களைப் பிய்த்தான். இன்னொருவன் உறவினர்களின் செருப்பையெல்லாம் ஜோடி மாற்றி வைத்தான். மெல்லிய குரலில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கத்திப் பேச வேண்டியதாயிற்று. சின்னவளுக்கு உட்கார்ந்து அழ நேரமில்லை. மூக்கைத் துடைத்துவிடும்போதும் பாட்டிலைக் கழுவும்போதும் அழுதுகொண்டாள்.

சாயங்காலம் வண்டி வந்தது. “கிளம்பு” என்றான் அண்ணன்.

“நான் வரல.”

“கூடப் பொறந்தவ கடைசியா ஒரு தடவை கூட வர மாட்டியா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

“நினைச்சுக்கட்டும். இவங்க அம்மாங்க வர இருட்டிடும், அதுவரைக்கும் யாரு பாத்துக்குவாங்க? காலையிலயே சாவியக் குடுத்திருந்தா நானும் வந்திருப்பேன்.” அவள் குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. “மண்டபம் கட்ட நான் ஒத்துக்க மாட்டேன். நாளைக்கும் பூட்டியிருந்தா நாளைக்கும் இங்கதான் இவங்க. உன் வீட்லதான்.”

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வண்டிப் பக்கம் போனான். சின்னவள் குனிந்து அக்காவின் கன்னத்தில் கை வைத்தாள். “போய்ட்டு வாக்கா. எனக்கு இங்க வேலை இருக்கு.”

பெட்டியை எடுத்துப் போனார்கள். வண்டிச் சத்தம் தெருக்கோடியில் தேய்ந்து மறைந்தது. அதுவரை சுவரோரம் ஒட்டிக்கொண்டிருந்த குழந்தைகள் காலியான கூடத்தின் நடுவே ஓடி வந்தார்கள். தரை துடைப்பவளின் மகள் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்த அம்மா எங்க?”

“போயிட்டாங்க கண்ணு.”

“இனிமே திட்ட மாட்டாங்களா?”

சின்னவள் அவளைப் பார்த்தாள். கையெல்லாம் மண். கேட்டுக்கொண்டே அந்தக் கையை, பிள்ளைகளுக்காக வைத்திருந்த பிஸ்கட் தட்டுக்கு நீட்டினாள்.

“யாரு சொன்னா திட்ட மாட்டாங்கன்னு? போ, முதல்ல கையக் கழுவிட்டு வா! எல்லாரும்தான்!”

அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்று வரை யாருக்கும் தெரியாது. குழந்தைகள் அத்தனை பேரும் குழாயடிக்கு ஓடினார்கள். டாக்டரம்மா மகனும் தள்ளாடித் தள்ளாடிப் பின்னால் போனான். அத்தையும் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள்.