பூசாமல் விட்ட இடம்

வெள்ளைக்காரன் கட்டிய சிறையில் மிஞ்சியது மூன்று பக்கச் சுவர்தான். அதைப் பாரம்பரியச் சின்னமாகத் திறக்க ஒரு வாரமே இருந்தபோது, மேஸ்திரி தன் அண்ணியைப் பூச்சு வேலைக்கு அழைத்து வந்தார். கணவர் இறந்த பிறகு பூச்சுக் கரண்டி பிடித்தவள். அவள் பூசிய சுவரில் யாரும் மட்டம் பார்ப்பதில்லை.

பெண்கள் கொட்டடி இருந்த பக்கத்தில் பழைய சுண்ணாம்பைக் கம்பி பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து எழுத்து கிளம்பியது. ஆணியால் கீறிய கோணல் எழுத்து.

‘இன்றும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.’

கீழே அதே வரி. அதற்கும் கீழே அதே. பதினேழு முறை. போகப் போக எழுத்து சரிந்து, கடைசி வரி பாதியில் நின்றிருந்தது.

இன்ஜினியர் வந்து பார்த்தார். “இது காட்சிக்கு வைக்கிற லிஸ்ட்லயே இல்லம்மா. பூசி மூடிடுங்க. இப்ப இதைக் காட்டினா ஆயிரம் கேள்வி வரும்.”

“வரட்டுமே சார். கேக்கத்தானே ஜனங்க வர்றாங்க?”

மேஸ்திரி அவளைத் தனியே இழுத்தார். “அண்ணி, நம்ம பொழப்பைப் பாருங்க. கான்ட்ராக்ட் போச்சுன்னா எல்லாரும் வீட்ல உக்காரணும்.”

“அத்தனை அடி வாங்கியும் வாயைத் திறக்காதவ இவ. இவ வாயை நான் அடைக்கணுமா? என் கையால நடக்காது.”

கரண்டியைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டாள். மேஸ்திரியே கலவைச் சட்டியைத் தூக்கினார். சுவர் முன்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தார். சட்டியை இறக்கி வைத்துவிட்டார்.

“எனக்கும் கை வரல சார்.”

வேறு ஆள் தேட நேரமில்லை. இன்ஜினியர் அந்த இடத்தின்மேல் விழா பேனரைக் கட்டச் சொன்னார். அண்ணியை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

திறப்பு நாளன்று அவள் மேஸ்திரியின் மனைவியான தன் ஓரகத்தியைக் கூட்டிக்கொண்டு கூட்டத்தோடு வந்தாள். நேராகப் போய்ப் பேனரின் கீழ் முனையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள்.

“படிங்க,” என்றாள்.

காவலாளி ஓடி வந்தார். “விடும்மா, அதைத் தொடக்கூடாது!”

“கை வலிச்சா விடறேன்.”

மறுமுனையை ஓரகத்தி பிடித்தாள். ஜனங்கள் நெருங்கி வந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்கள். ஒரு அம்மாள் அழுதாள். பலர் போனில் படம் பிடித்தார்கள். காவலாளியும் ஒருமுறை படித்துவிட்டு, வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மூன்றாம் நாள் பேனர் இறங்கியது. லிஸ்டில் ஒரு வரி கூடியது. அவளை மட்டும் அந்த வேலைக்கு யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

“கூப்பிடாட்டிப் போறாங்க,” என்றாள், வேறொரு வீட்டுச் சாரத்தில் ஏறியபடி.