பெட்டி காட்டிய இடம்

அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தவர் என்றைக்காவது என் கண்ணில் பட்டால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் விடமாட்டேன். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். மேலே ஒரு கறுப்புக் கண்ணாடி, வெயிலில் சார்ஜ் ஏறிக்கொள்ளும். படகில் கட்டிவிட்டால் போதும், படகு எந்தப் பக்கம் போகிறது, எங்கே நிற்கிறது என்று எங்கேயோ ஒரு நாட்டில் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். அவ்வளவு தூரத்திலிருந்து எங்களைப் பார்ப்பதில் அவர்களுக்கு என்ன சுகம் என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

குறை மட்டும் சொல்லக்கூடாது. அந்த நாட்டு உதவி நிறுவனம்தான் எங்கள் மீனவர் சங்கத்துக்கு ஐஸ் அறை கட்டிக் கொடுத்தது. சங்கத்து ஏலக்கூடத்தில் மீன் எடை போடுகிறவள் நான். மத்தியான வெயிலில் அந்த அறைக் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வருவேன், மனதார வாழ்த்துவேன். அதற்கு அடுத்த உதவியில்தான் வினை வந்தது. படகுகளுக்குப் பாதி விலையில் புது எஞ்சின் தருகிறோம், ஆனால் படகில் இந்தப் பெட்டி இருக்க வேண்டும் என்றார்கள். நீங்கள் எங்கே மீன் பிடிக்கிறீர்கள் என்று தெரிந்தால்தானே எங்கே உதவலாம் என்று எங்களுக்குத் தெரியும் என்று மேடம் கேட்டாராம். மேடம் அந்த நாட்டிலிருந்து வந்தவர். அவர் பேசுவதை எங்களுக்கும் நாங்கள் பேசுவதை அவருக்கும் மாற்றிச் சொல்கிறவர் எங்கள் பக்கத்து ஆள்தான். கூரைக்கு அடியில் உட்கார்ந்தாலும் தொப்பியைக் கழற்றமாட்டார், அதனால் அவருக்குப் பெயரே தொப்பி.

எங்கள் கரையில் ஒருத்தரை ஒருத்தர் எது வேண்டுமானாலும் கேட்கலாம். பெண்டாட்டியோடு என்ன சண்டை என்றுகூடக் கேட்கலாம். எங்கே வலை போட்டாய் என்று மட்டும் கேட்கக்கூடாது. ஒவ்வொரு படகுக்கும் ஒரு ரகசிய இடம் உண்டு. பெண்ணைக் கொடுத்த மாப்பிள்ளைக்கே அதைச் சொல்லமாட்டார்கள், மேடத்துக்கா சொல்வார்கள்? ஆனால் எஞ்சினும் வேண்டும். பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தார்கள். படகு ஏன் நகரவே இல்லை என்று தொப்பியிடமிருந்து போன் வந்துவிட்டது.

அப்போதுதான் சங்கத் தலைவரான எங்கள் சித்தப்பாவுக்கு என் தம்பி ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டில் நானும் தம்பியும்தான். ஊர் அவனை நண்டு என்று கூப்பிடும். எஞ்சின் இல்லாத சின்னப் படகை வைத்துக்கொண்டு, கரைக்குப் பக்கத்திலேயே ஒரு சேற்றுப் பள்ளத்தில் நண்டு வலை விரிப்பான். அந்தப் பக்கம் வேறு யாரும் போகமாட்டார்கள். அங்கே என்ன கிடைக்கும், சேறுதான் கிடைக்கும் என்று சிரிப்பார்கள். எஞ்சின் இல்லாததால் அவனுக்குப் பெட்டியும் கிடையாது. சித்தப்பா தன் பெட்டியைக் கொண்டுவந்து, கண்ணு, நீ போற இடத்துக்கு இதையும் எடுத்துட்டுப் போயிட்டு வா என்றார். மறுநாள் இன்னொருத்தர் வந்தார். கொஞ்ச நாளில் எல்லாப் பெட்டியும் அவன் படகில் ஏறிவிட்டது. விடியும்போது அவன் படகைச் சுற்றி ஒரே கூட்டம். டீக்கடை பெஞ்சில் அவனுக்கு இடம் விட்டவர்களே இல்லை, இப்போது மாப்ள, வா, உட்காரு என்கிறார்கள். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவன் சந்தோஷத்தைக் கெடுக்கவும் மனசு வரவில்லை.

எல்லாப் படகும் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று தொப்பி ஒரு தடவை கேட்டார். எஞ்சின் பழசு, அதனாலதானே புதுசு கேக்குறோம் என்று சித்தப்பா கண்ணை இமைக்காமல் சொன்னார்.

பிறகு ஒரு நாள் சங்கத்து அறையில் கூட்டம் போட்டார்கள். சுவரில் பெரிய வரைபடம். எல்லாப் படகும் போன வழி சிவப்புக் கோடாக இருந்தது. அத்தனை கோடும் ஒரே இடத்தில் போய்க் குவிந்திருந்தது. தம்பியின் சேற்றுப் பள்ளம். மேடம் பச்சைப் பேனாவை எடுத்து அதைச் சுற்றி வட்டம் போட்டார். இத்தனை படகும் தேடிப் போகிற இடம் என்றால் அங்கேதான் மீன் வளம் இருக்கிறது, அதை இன்னும் பெருக்க அங்கே சிமெண்ட் கூண்டுகளை இறக்கிச் செயற்கைப் பாறை அமைக்கப் போகிறோம் என்றார்.

சேற்றில் கூண்டு இறங்கினால் நண்டு வலையைத் தரையில் விரிக்க முடியாது, மாட்டிக் கிழிந்துவிடும். அவனுக்கு வேறு பிழைப்பு தெரியாது. படகுக்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் எஞ்சின் போய்விடும். நான் தம்பியின் தொடையைக் கிள்ளினேன், சொல்லுடா என்று. அவன் துள்ளியதில் மேடம் அவனைப் பார்த்தார். அந்த இடம் உங்களுக்குத் தெரியுமா, நல்ல இடமா என்று கேட்கிறார் என்றார் தொப்பி.

தம்பி எழுந்து நின்றான். "ரொம்ப நல்ல இடம்ங்க," என்றான்.

வீட்டுக்கு வரும்வரை வாயைக் கட்டிக்கொண்டு வந்தேன். உள்ளே வந்ததும் பிடிபிடியென்று பிடித்தேன். உன் தலையில் நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாயே, புத்தி எங்கே போயிற்று என்று கத்தினேன். அவன் கை கழுவிக்கொண்டே இருந்தான்.

"அக்கா, இத்தனை வருஷத்துல எந்த இடம் நல்ல இடம்னு யாராவது என்கிட்ட கேட்டிருக்காங்களா?" என்றான். "கேட்டாங்க. சொல்லிட்டேன்."

அவனை அடிப்பதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. சோற்றைப் போட்டு அவன் முன்னால் வைத்தேன்.

கூண்டுகள் இறங்கின. அவன் வலை கந்தலாகி வந்தது. தைத்தான், போனான், மறுபடி கந்தல். என் சம்பளத்தில் வீடு ஓடியது. இதற்கு மேலேதான் எனக்கு மண்டை குழம்பியது. சில மாதத்தில் அந்தக் கூண்டுகளில் பாசி பிடித்து, நிஜமாகவே மீன் வந்து குவிய ஆரம்பித்தது. ஒரு மீன்கூட இல்லாத இடத்தைப் பொய்யாகக் காட்டினோம், அந்தப் பொய்யை நம்பிக் காசைக் கொட்டினார்கள், பொய் உண்மையாகிவிட்டது. அப்படியென்றால் ஏமாந்தது யார்? மேடமா, நாங்களா? என் தராசில் அந்த மீனையெல்லாம் நானேதான் எடை போட்டேன். எல்லாரும் சிரித்த முகமாக இருக்கும்போது நான் யாரோடு போய்ச் சண்டை போடுவது?

புது எஞ்சினைப் போட்டுக்கொண்டு எல்லாரும் அங்கேதான் போனார்கள். ஊருக்கே தெரிந்த இடத்தில் மறைக்க என்ன இருக்கிறது? பெட்டிகள் அவரவர் படகுக்கே திரும்பிப் போயின. தம்பி விடிகாலையில் படகுப் பக்கம் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தான். நான் ஏலக்கூடத்துக்குப் போகிற வழியில் பார்த்தேன்.

"இன்னிக்கும் யாரும் பெட்டி கொண்டாரலக்கா," என்றான். நண்டுப் பிழைப்பு போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்றைக்கே தொப்பியைப் பிடித்துக்கொண்டேன். எஞ்சின் இல்லாதவன் மீனவன் இல்லையா, அவனுக்கும் ஒரு பெட்டி கொடுங்கள், அவன் படும் பாடும் அந்த வரைபடத்தில் தெரியட்டும் என்று ஏலக்கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி பேசினேன். தொல்லை விட்டால் போதுமென்று ஒரு பெட்டியைக் கொடுத்தார். தம்பி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தினமும் கட்டிக்கொண்டு போனான். துடுப்புப் போட்டு எங்கெங்கோ அலைந்தான். வெறுங்கையோடு வந்தான்.

ஒரு நாள் கூடை நிறைய நண்டோடு வந்தான். அத்தனையும் உயிரோடு, கூடையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. எங்கேடா பிடித்தாய் என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே கூடையை உள்ளே தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் விடியலில் பெட்டியை என் மடியில் வைத்தான்.

"இத நீ வெச்சிரு அக்கா. நகரலன்னா போன் பண்ணுவாங்க."

"நான் எங்கடா கொண்டு போறது?"

"எல்லாருக்கும் நான் இருந்தேன். எனக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?"

பொய் சொல்கிறார்கள் என்று ஊரையே திட்டியவள் நான். பெட்டியைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். தினமும் போகிறேன். கடைக்குப் போனால் அதுவும் வரும், ரேஷன் வரிசையில் நின்றால் அதுவும் நிற்கும். வீட்டில் நண்டுக்குக் குறைவில்லை.

போன வாரம் மறுபடி கூட்டம். வரைபடத்தில் எல்லாக் கோடும் ஒழுங்காகக் கடலுக்குள் போயிருந்தது. ஒரே ஒரு கோடு கரைமேல் சுற்றிக்கொண்டிருந்தது. மேடம் அதைக் காட்டி ஏதோ கேட்டார். தொப்பி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அவர் தலையை அன்றுதான் முதல்முறை பார்த்தோம்.

"இந்தப் படகு ஏலக்கூடம் வருது, கடைக்குப் போவுது, அப்புறம் ஒரு வீட்டுல போய் நிக்குது. இது யாரோடதுன்னு கேக்குறாங்க."

சித்தப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது, கூரையைப் பார்த்தார். பெட்டி என் மடியில், பைக்குள், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருந்தது. இந்தத் தடவை தம்பி என்னைப் பார்த்தான். அந்தப் புது இடமும் போய்விட்டால் அவனுக்கு இன்னொரு இடம் கிடைக்காது.

உண்மையைச் சொல்லத்தான் எழுந்தேன், சத்தியமாக.

"எங்க தம்பியோடதுங்க," என்றேன். "அங்கதான் இப்போ நண்டு நல்லா கெடைக்குது."

யாரும் சிரிக்கவில்லை. தொப்பி தன் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு நான் சொன்னதை அப்படியே மேடத்திடம் சொன்னார். மேடம் தலையை ஆட்டிவிட்டுப் பச்சைப் பேனாவை எடுத்து எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.