காபி வண்டியில் எழுதிய பெயர்

"அக்கா, நீங்க பாடும்போது உங்க தொண்டை ஏன் அசையவே மாட்டேங்குது?"

கேட்டது ஆறு வயதுச் சிறுமி. தென்கொரியாவின் பூசான் நகரத்தில் ஓர் இசைத்தட்டுக் கடையில் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போடும் நாள் அது. நீள மேசைக்குப் பின்னால் ஆடிப்பாடும் குழுவின் நான்கு பெண்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடு இடம் ஓக் தான்பிக்கு. அந்தத் தொழிலில் நடு இடம் என்பது லேசான விஷயமில்லை. சுவரொட்டியில் பெரிய முகம், நடனத்தில் முன்வரிசை, பாட்டின் உச்சியில் வரும் நீண்ட ஒற்றைச் சுரம், எல்லாம் நடுவில் நிற்பவளுக்குத்தான். தான்பிக்கு அப்போது இருபது வயது. அவள் பதில் சொல்வதற்குள் சிறுமி மேசையின் கோடியைக் காட்டினாள்.

"அந்தக் கடைசி அக்காவுக்குத்தான் அசையுது. நான் டிவியில பார்த்தேன்."

தான்பி சிரித்தாள். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு முயல் படம் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள். கோடியில் இருந்த பியோன் சேஹீ தலையைத் தூக்கவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து கழுத்தில் அகலமான நாடா ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் அவள் மேடை ஏறினாள். கம்பெனியில் யாரும் சொல்லவில்லை, அவளாகவே வாங்கிக் கட்டிக்கொண்டாள். ரசிகைகள் அதைப் புது நாகரிகம் என்று நினைத்துத் தாங்களும் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

சிறுமி கண்டது சரிதான். அவள் டிவியில் பார்த்த அந்தப் பாட்டின் ஒலிப்பதிவு சமயத்தில் தான்பியின் தொண்டையில் முடிச்சு விழுந்திருந்தது. ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாது என்றார் மருத்துவர். வெளியீட்டுத் தேதியோ குறித்தாகிவிட்டது. கம்பெனித் தலைவர் சேஹீயைக் கூப்பிட்டு, தான்பியின் பகுதியை இப்போதைக்கு நீயே பாடிவிடு என்றார். அந்த 'இப்போதைக்கு', தான்பியின் குரல் பிறகும் திரும்பாததால், குழு கலையும்வரை ஏழு வருடம் நீண்டது. அந்தப் பாட்டுதான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது. மேடையில் ஒலித்தது பதிவு செய்த குரல். நடுவில் நின்ற தான்பி வாயசைத்தாள். கோடியில் நின்ற சேஹீ, பழக்கம் விடாமல், ஒலிவாங்கி இல்லாத இடத்தில் அடித்தொண்டையில் கூடவே பாடிக்கொண்டிருந்தாள்.

இதில் தான்பியின் மனசை உறுத்தியது சேஹீகூட இல்லை, சேஹீயின் அம்மா.

பயிற்சிக் காலத்தில் பெண்களைத் தினமும் காலையில் எடை பார்ப்பார்கள். எடையை எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படிப்பார்கள். கூடினால் அன்றைக்கு ஒரு அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு மட்டும். சேஹீயின் அம்மா இஞ்சியோனில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தாள். சனிக்கிழமைகளில் மகளுக்கு நடனச் செருப்பு கொண்டுவருகிறேன் என்று பையோடு வருவாள். செருப்புக்கு அடியில் வெள்ளித்தாளில் சுற்றிய கிம்பாப், அதாவது கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு, இருக்கும். எப்போதும் இரண்டு சுருள், ஒன்று மகளுக்கு, ஒன்று தான்பிக்கு. தான்பிக்கு அப்படிக் கொண்டுவர ஆள் இல்லை என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். இரண்டு பெண்களும் கழிப்பறைக்குள் நின்றுகொண்டு தின்பார்கள். மெல்லும் சத்தம் வெளியே கேட்காமலிருக்க அவள் குழாயைத் திறந்துவிட்டுக் காவல் நிற்பாள். கொடுப்பதற்கு முன் கண்ணை மூடி ஒரு குட்டி ஜெபம் உண்டு.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைங்களுக்கு எடை ஏறாம பலம் மட்டும் ஏறட்டும்."

பாட்டு ஊரெல்லாம் ஒலித்த பிறகு ஒருநாள் அந்த அம்மா தான்பியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நீ அந்த உச்சியில இழுக்கறப்போ எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குதும்மா. எங்க சேஹீக்கும் ரெண்டு வரி குடுக்கச் சொல்லேன். அவளும் சுமாரா பாடுவா."

பெற்ற மகளின் குரலைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். முகம் தான்பியுடையதாக இருந்ததால் காது ஏமாந்துவிட்டது. சேஹீ பக்கத்தில்தான் நின்றாள். வெளியே சொல்வதில்லை என்று கம்பெனிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள், அதனால் தரையைப் பார்த்தாள். "சொல்றேம்மா" என்றாள் தான்பி. யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

குழு கலைந்ததும் தான்பி நடிக்க வந்தாள். பாட முடியாது என்பது வெளியே தெரிவதற்குள் வேறு தொழிலுக்குத் தாவிவிட வேண்டும் என்று நிர்வாகி பாங் அவசரப்படுத்தினார். முதல் தொடரில் கதாநாயகி. அவள் அழுத காட்சியை வெட்டி எடுத்து, சிரிப்பு இசை போட்டு நாடெங்கும் பரப்பினார்கள். நடிப்பு வராதவர்களைச் சொல்லும் வழக்கப்படி, காலால் நடிக்கிறாள் என்று எழுதினார்கள். அடுத்ததில் தோழி, அதற்கடுத்ததில் அலுவலகத்தில் கோப்பு நீட்டும் பெண். முப்பத்தாறாவது வயதில், பாஜூ என்ற ஊரின் படப்பிடிப்புத் தளத்தில் எடுத்த தினத்தொடர் ஒன்றில் நாத்தனார் வேஷத்தில் வந்து நின்றாள். வேலை ஒன்றும் மோசமில்லை. நாத்தனார் அறுபதாவது பகுதிக்குப் பிறகும் இருப்பாளா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. எழுத்தாளர் அம்மாள் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

தளத்துக்குக் காபி வண்டி வருவது அங்கே வழக்கம். நடிப்பவருக்கு வேண்டியவர்கள் யாராவது வண்டி ஒன்றை அமர்த்தி அனுப்புவார்கள். வண்டியின் மேல் நடிகரின் படம், இன்னார் அனுப்பியது என்ற பதாகை. அன்றைக்கு எல்லாருக்கும் இலவசக் காபி. யாருக்கு எத்தனை வண்டி வந்தது என்பதை வைத்துத்தான் யாருக்கு எத்தனை மரியாதை என்று தளத்தில் பேசிக்கொள்வார்கள். கதாநாயகிக்கு ஐந்து வந்தாயிற்று. அவளுக்கு மாமனாராக நடித்த கிழவருக்குக்கூட மலையேறும் சங்கத்தார் ஒன்று அனுப்பினார்கள். நாற்பது பகுதி முடிந்தும் தான்பிக்கு ஒன்றும் வரவில்லை.

"நாத்தனாருக்கு எப்ப வண்டி வரும்?" என்று உதவி இயக்குநர் குக் எல்லார் காதிலும் விழும்படி கேட்டான்.

"வரும்ப்பா, வழியில பஞ்சராம்" என்றாள் ஒப்பனைக்காரி. எல்லாரும் சிரித்தார்கள். தான்பியும் சிரித்தாள்.

அன்று மாலையே அவள் தனக்குத் தானே ஒரு வண்டி அமர்த்தினாள். யார் பெயரைப் போடுவது? குழுவில் மற்ற இருவர் பெயரைப் போட்டால், நாங்கள் அனுப்பவில்லையே என்று சொல்லிவிடுவார்கள். சேஹீ எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. அதனால் பதாகையில் 'எங்கள் தான்பிக்கு ஒரு வாய் ஊட்டிவிடுங்கள் — சேஹீ அக்கா' என்று எழுதச் சொன்னாள்.

பத்து நாள் கழித்து, வியாழக்கிழமை காலையில் வண்டி வந்தது. மஞ்சள் பதாகை, கோப்பையெல்லாம் தான்பியின் முகம், சூடான எண்ணெயில் பொரித்த இனிப்பு. குக் இரண்டு கோப்பை வாங்கிக்கொண்டு, அக்கா என்று மரியாதையாகக் கூப்பிட்டான். வண்டிக்கு முன்னால் இரண்டு விரலை நீட்டிச் சிரித்தபடி அவள் எடுத்துக்கொண்ட படத்தைத் தளத்து ஆட்கள் வலையில் ஏற்றினார்கள்.

பழைய குழுவுக்கென்று கைப்பேசியில் இருந்த அரட்டை அறையை அவள் மூன்று வருடமாக ஊமையாக்கி வைத்திருந்தாள். முந்தின நாள், புதன்கிழமை விடியலில் அதில் ஒரு செய்தி வந்திருந்தது. சேஹீயின் அம்மா காலமானாள். இஞ்சியோன் மருத்துவமனையின் அஞ்சலிக்கூடம், மூன்றாம் எண் அறை. வெள்ளிக்கிழமை காலை எடுப்பு. அது அவள் கைப்பையில், அவள் கைப்பேசியிலேயே, படிக்காமல் கிடந்தது.

மதியம் இரண்டு மணிக்கு யாரோ படத்தின் கீழே எழுதினார்கள்: சேஹீயின் தாயார் அஞ்சலிக்கூடத்தில் இருக்கிறாரே, தெரியாதா? மாலைக்குள் இதுபோல் ஆயிரக்கணக்கான பதில்கள் சேர்ந்துவிட்டன. அத்தனை வசவும் சேஹீயின் மேல். தாயைக் கிடத்தி வைத்துக்கொண்டு வேடிக்கை வண்டி அனுப்புகிறாளே, இவளெல்லாம் ஒரு மகளா? துக்கத்திலும் விளம்பரம் தேடுகிறாள். பெற்றவள் இதைப் பார்க்காமல் போனதே நல்லது.

தான்பி ஒப்பனை அறையில் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானே அனுப்பிக்கொண்டது என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதினாள். அனுப்பும் முன் பாங்கைக் கூப்பிட்டாள். பாங் பதறவில்லை. "அதை அனுப்பினா நாளைக்கே கதையில உன் நாத்தனாருக்கு விபத்து நடக்கும். பேசாம இரு. திட்டு உன்மேல இல்லையே" என்றார். அவள் அந்த வரியை அழித்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் சேஹீயின் வலைப்பக்கத்தில் நான்கு வரி வந்தது. வண்டியை முன்பே ஏற்பாடு செய்திருந்தேன், அம்மா போன நிலையில் நிறுத்த மறந்துவிட்டேன், தவறு என்னுடையது, தான்பி சிரமப்பட்டு நடிக்கிறாள், அவளைத் தவறாக நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகு வசவு கொஞ்சம் தணிந்தது. நின்றுவிடவில்லை.

மறுநாள் காலை எடுப்புக்கு முன்னால் தான்பி இஞ்சியோனுக்குப் போனாள். அம்மாவின் படத்துக்கு முன் மண்டியிட்டு வணங்கப் போனவள், மேலே சிலுவையைப் பார்த்துவிட்டு, சபையார் இறந்தவரை அப்படி வணங்குவதில்லை என்று நினைவு வந்து எழுந்து, ஒரு வெள்ளைச் சாமந்தியை எடுத்து வைத்தாள். ஜெபிக்க அவளுக்குத் தெரியாது. படத்தில் இருந்தவள் பள்ளிக்கூடத்துச் சமையல் தொப்பியோடு சிரித்தாள். வேறு நல்ல படம் கிடைக்கவில்லை போலும்.

கறுப்பு உடையும் தலையில் வெள்ளை நாடாவுமாகச் சேஹீ வந்தாள். "சாப்டியா?" என்றாள்.

துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அங்கே போடும் காரமான மாட்டிறைச்சிக் குழம்பும் சோறும் வந்தன. தான்பி கரண்டியைத் தொடவில்லை.

"ஏன்க்கா அப்படி எழுதின?"

"எல்லாத்தையும் சொன்னா உன்னை வேலைல இருந்து எடுத்துருவாங்க. என்னை எதுலருந்து எடுக்கறது? நான்தான் எதுலயும் இல்லையே." சேஹீ குழம்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். "ஆறுது பாரு."

"உனக்குக் கோபமே இல்லையா?"

"இருக்கு. எடுப்பு முடியட்டும்." பிறகு மேசை விரிப்பின் ஓரத்தை மடித்தாள். "போன வாரம் ஆஸ்பத்திரில ரேடியோவுல நம்ம பாட்டு வந்துச்சு. அம்மா கண்ணை மூடிக் கேட்டா. தான்பி நல்லா இருக்காளான்னு கேட்டா. அப்பக்கூட நான் சொல்லல. கையெழுத்துப் போட்ட காகிதம் எப்பவோ செல்லாமப் போச்சு. ஆனா சொல்லிச் சொல்லிப் பழகாத வாய், தான்பி. வரல."

வாசலில் எடுப்புக்கான வண்டி வந்து நின்றது. சேஹீ எழுந்து போனாள். தான்பி அந்தக் குழம்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். இன்னொரு முறை அந்த வீட்டுச் சோறு.

ஐம்பத்தெட்டாவது பகுதியில் நாத்தனாரைப் படிக்க அமெரிக்கா அனுப்பிவிட்டார்கள். அதற்கு ஒரு காட்சிகூட இல்லை. சாப்பாட்டு மேசையில் மாமனார், "அவ விமானம் ஏறிட்டாளாமே" என்றார், மற்றவர்கள் முள்ளங்கியைக் கடித்தார்கள். எந்த நாற்காலிக்காகத் தான்பி வாயை மூடிக்கொண்டாளோ, அதை எடுத்துப் போட அவர்களுக்கு ஒரே வரி போதுமாக இருந்தது.

வசந்தத்தில் பழைய குழுக்களைத் திரும்ப மேடையேற்றும் நிகழ்ச்சி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. பல வருடத்துக்குப் பிறகு வந்த நல்ல அழைப்பு. அந்தப் பாட்டு, அந்த நடு இடம். பதிவு இருக்கிறது, வாயசைத்தால் போதும் என்றார்கள். தான்பி ஒரு நாள் தவணை கேட்டாள். மறுநாள், சேஹீயைக் கூப்பிடுங்கள், பாடுவது அவள்தான் என்றாள். நிகழ்ச்சிக்கு எழுதுகிற பெண் குழம்பிப்போய், "எந்த சேஹீ?" என்று கேட்டாள். பிறகு வேறு குழுவைப் பிடித்துக்கொண்டார்கள்.

பாடகர் சங்கத்தில் ஒவ்வொரு பாட்டிலும் யார் எந்தப் பகுதி பாடினார்கள் என்று பதிவு இருக்கும். தான்பி திருத்தப் படிவம் ஒன்றை வாங்கிவந்து, தன் பெயர் இருந்த ஒவ்வொரு வரியிலும் பியோன் சேஹீ என்று எழுதினாள். கையெழுத்துக்கு ஈடான தன் முத்திரையைச் சிவப்பு மையில் குத்தினாள். பாங்குக்குத் தெரிந்தபோது, செத்த பாட்டைத் தோண்டினால் இனி நாத்தனார் வேஷம்கூட வராது என்றார். அது உண்மைதான், வரவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பாட்டு விற்கும் தளங்களில் பெயர் மாறியது. யாரும் கவனிக்கவில்லை. சேஹீ கவனித்தாளோ என்னவோ, ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அவளுடைய கோபத்துக்கு அவளுக்கு உரிமை உண்டு. தான்பி அதை விட்டுவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போகவில்லை.

ஆனால் அவள் கடன்பட்டிருந்தது சேஹீக்கு மட்டும் இல்லை. மனிதர் மறந்ததை ஆண்டவர் மறப்பதில்லை என்பார்கள் அந்த அம்மாவின் சபையில். தான்பி எந்தச் சபைக்கும் போனவள் அல்ல. அவள் மறக்காமலிருந்தது ஒரு குழாய்த் தண்ணீரின் சத்தத்தைத்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இஞ்சியோனுக்கு வெளியே உள்ள அஸ்தி மண்டபத்துக்குப் பேருந்தில் போனாள். காவலாளி சாப்பிடப் போயிருந்தார். சுவர் நெடுகச் சின்னச் சின்னக் கண்ணாடி அறைகள். கீழிருந்து இரண்டாவது வரிசையில் அம்மாவின் கலசமும் சமையல் தொப்பிப் படமும் இருந்தன. தான்பி தரையில் உட்கார்ந்தாள். பையிலிருந்து வெள்ளித்தாளில் சுற்றிய கிம்பாப் ஒரு சுருளை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தாள். அவளே சுருட்டியது, ஒரு பக்கம் பிரிந்திருந்தது.

"அம்மா, சேஹீக்கு ரெண்டு வரி குடுக்கச் சொல்லிக் கேட்டீங்க இல்ல" என்றாள். "எல்லா வரியும் அவளோடதுதான்ம்மா. முதல்லேருந்தே."

கைப்பேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, பாட்டைப் போட்டாள். கண்ணாடி லேசாக அதிர்ந்தது. பாட்டு ஏறி ஏறி அந்த உச்சிக்குப் போனது. நீண்ட அந்தச் சுரம் எழுந்தபோது, பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, தான்பி உதட்டை அசைக்கவில்லை.